வண்டியும் நம்முது, கணக்கும் நம்முதா இருக்கணும்

என் அக்கா மகன் ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தான். உட்காரக்கூட இல்லை. "மாமா, வண்டி எடுக்கப்போறேன். புல்லட் எடுக்கட்டுமா, இல்ல 160 சி.சி.யில எதுனா பாக்கட்டுமா, நீ சொல்லு" என்றான். கையில எவ்வளவுடா வெச்சிருக்கே என்று கேட்டேன். ஐம்பதாயிரம் என்றான்.

அந்த ஐம்பதாயிரம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். மதுராந்தகம் பக்கம் எங்க காலனி. அவனுக்குச் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. போக 25 கிலோமீட்டர், வர 25 கிலோமீட்டர். ரெண்டாவது ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது ராத்திரி பத்தரை. கடைசி பஸ்ஸைப் பிடித்தாலும் அது ஊர்த்தெரு ஸ்டாப்பிங்கோடு திரும்பிவிடும். அங்கிருந்து காலனிக்கு ஒண்ணரை கிலோமீட்டர் இருட்டில் நடை. பஸ் போய்விட்ட நாளில் கம்பெனி கேட் பக்கத்திலேயே படுத்து எழுந்து வருவான். அப்படி ரெண்டு வருசம் சேர்த்த காசு.

அவன் கேள்விக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் பதில் சொல்லியிருந்தார்கள். ஒருத்தர் ஷோரூம்காரர். "பத்தாயிரம் கட்டினா போதும் தம்பி, வண்டிய எடுத்துக்கினு போ, மீதிய டியூவுல பாத்துக்கலாம்." இன்னொருத்தர் ஊர்த்தெரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர். "காலனிப் பசங்க கைல நாலு காசு வந்தா தரையில கால் படாதே." இந்த ரெண்டு பேர் பேச்சையும் காதில் வாங்காமல் நம்ம பிள்ளைகள் தங்களோட முதல் வண்டியை வாங்கணும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர் பேச்சைப் பார்ப்போம். எங்க அப்பா காலத்தில் ஊர்த்தெரு முனை வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கணும். தெரு முடிகிற வரைக்கும் தள்ளிக்கொண்டு போகணும். மிதிக்கிறதுக்குன்னு கூலிக்காசில் வாங்கின சைக்கிளைத் தள்ளியே தேய்த்தார். நான் 1996-ல் ஒரு பழைய டி.வி.எஸ். 50 வாங்கினேன், நாலாயிரத்து ஐநூறு ரூபாய்க்கு. முதல் நாளே ஒரு பெரியவர் வழிமறித்து, "என்னடா, சத்தம் பெருசா இருக்கு" என்றார். அந்த வண்டி போடுகிற சத்தம் தையல் மிஷின் சத்தம்தான். அவர் காதில் வேறு ஏதோ விழுந்திருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை, இப்ப யாரு சாதி பாக்கறா என்று கேட்கிறவர்கள் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கட்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. 2015-ல் அதைத் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பொது இடத்தில் நம்மவர்கள் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுத்தால் குற்றம் என்று அந்தத் திருத்தத்தில் எழுதியிருக்கிறது. மோட்டார் சைக்கிள் என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. நாடு விடுதலை அடைந்து அறுபத்தெட்டு வருசம் கழித்து, நாடாளுமன்றம் உட்கார்ந்து இப்படி ஒரு வரி எழுதவேண்டி வந்ததென்றால் தெருவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டம் வந்தும் நின்றுவிடவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் நம்ம கல்லூரி மாணவன் ஒருவனைக் கையில் வெட்டினார்கள். அவன் புல்லட் ஓட்டியது பொறுக்காமல்தான் வெட்டினார்கள் என்று அவன் வீட்டார் சொன்னார்கள். 1995 ஆகஸ்ட் 31 கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து எதை உடைத்தது? டி.வி., ஃபேன், தையல் மிஷின், சைக்கிள். 2012 நவம்பர் 7 தருமபுரி நத்தம் காலனியில் வீடுகளோடு சேர்ந்து எரிந்ததில் வாசலில் நின்ற பைக்குகளும் உண்டு. நம்ம வீட்டில் நாலு பொருள் சேர்ந்திருப்பதைப் பார்த்தால் சிலருக்குக் கண் எரிகிறது. அதிலும் வண்டி என்றால் கூடுதல் எரிச்சல். டி.வி. வீட்டுக்குள்ளே இருக்கும், வண்டி அவர்கள் தெரு வழியாகப் போகும். 1893-ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்லுவண்டி வாங்கி, நம்மவர்கள் போகக்கூடாது என்று வைத்திருந்த பொதுச்சாலையில் ஓட்டிப் போனதும் இதற்காகத்தான். ஆகவே வண்டி நமக்கு ஆடம்பரம் என்று எவர் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் புல்லட்டே எடுடா என்று மருமகனிடம் சொல்லவேண்டியதுதானே? சொல்லவில்லை. அதற்குக் காரணம் என்னுடைய ரெண்டாவது வண்டி.

2007-ல் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டு 100 சி.சி. புது வண்டி எடுத்தேன். எல்லாம் சேர்த்து 47 ஆயிரம். 12 ஆயிரம் கட்டினேன், 35 ஆயிரம் கடன். 13 வட்டி, 36 மாசம், மாசம் 1,351 ரூபாய். நான் பெயின்ட் அடிக்கிறவன். 22 டியூ ஒழுங்காகக் கட்டினேன். 2009-ல் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனது, ரெண்டு மாசம் வேலை இல்லை, ரெண்டு டியூ நின்றுபோனது. மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த முதல் வாரம், ஊர்த்தெரு டீக்கடை எதிரில் மூணு பேர் மறித்தார்கள். சாவியைப் பிடுங்கினார்கள். டிபன் கேரியரையும் பிரஷ் பையையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள். கடையில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. ரெண்டு பேர் சிரித்தார்கள். எங்க அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன அதே தெருவில் நான் பிரஷ் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனேன்.

அடியாளை வைத்து வண்டி பிடுங்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2007-லேயே சொல்லியிருந்தது. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்பணமும் டியூவும் சேர்த்து ஏறக்குறைய 42 ஆயிரம் கொடுத்திருந்தேன். கையில் மிஞ்சியது சாவிக்கொத்தில் தொங்கின பொம்மை.

வட்டிக் கணக்கு எப்படி நம்மை ஏமாற்றுகிறது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளணும். இன்றைக்கு 80 ஆயிரம் கடன், 12 வட்டி, மூணு வருசம் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாட் வட்டி என்பார்கள். வட்டி 28,800, மொத்தம் 1,08,800, மாசம் 3,022. ரெண்டு வருசம் கட்டி அசலில் பெரும்பகுதி அடைந்த பிறகும் முழு 80 ஆயிரத்துக்கும்தான் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். குறைகிற அசலுக்கு மட்டும் வட்டி என்று முறையாகக் கணக்குப் பார்த்தால் அது 12 கிடையாது, 21-க்கு மேல். நம்ம தாத்தாமார்கள் பண்ணையில் பத்து மூட்டை நெல்லுக்குக் கைநாட்டு வைத்து ஆயுசு முழுக்க உழைத்தார்கள். நாம் இங்கிலீஷில் அச்சடித்த தாளில் இருபது இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம். படித்துப் பார்த்தா போடுகிறோம்?

மருமகனை உட்காரவைத்துக் கணக்கை எழுதச் சொன்னேன். ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர், மாசம் 26 நாள், ஆக 1,300 கிலோமீட்டர். 100 சி.சி. வண்டி லிட்டருக்கு 60 கொடுத்தால் 22 லிட்டர் ஆகும். புல்லட் 35 கொடுத்தால் 37 லிட்டர். பெட்ரோல் விலை நூறு ரூபாய் என்று வைத்தாலே மாசம் 1,500 ரூபாய் வித்தியாசம். அவன் தங்கை படிப்புக்கு ஆகிற பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் அதில் அடங்கும். புல்லட் ரோட்டில் இறங்கவே ரெண்டு லட்சத்தை ஒட்டி வந்துவிடும். புது 100 சி.சி.யும், 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆன பிறகுகூட, அவனுடைய ஐம்பதாயிரத்துக்குள் வராது. ஆகவே பழைய வண்டி, கடன் இல்லாமல்.

பழைய வண்டியில் எது? 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்ததெல்லாம் பி.எஸ். 6. பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்டர்தான். நல்ல வண்டிதான். ஆனால் மக்கர் பண்ணினால் எந்த சென்சார் போச்சு என்று பார்க்கத் தனி மிஷின் வேணும். 2017, 2018 மாடல் கார்புரேட்டர் வண்டியை நம்ம காலனி முனை மெக்கானிக்கே ஸ்பேனரை வைத்துக் கழற்றிச் சரிபண்ணிவிடுவார். ராத்திரி பதினோரு மணிக்கு நடுவழியில் நிற்கிறவனுக்கு அது பெரிய விஷயம்.

காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பார்க்கணும். நாம் போவதற்கு முன்பே சூடாக இருந்தால் சந்தேகப்படணும். ஸ்டார்ட் பண்ணினதும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் பிஸ்டன் செலவு காத்திருக்கிறது. நேராக ஓட்டும்போது ஒரு பக்கம் இழுத்தால் எங்கேயோ அடிபட்ட வண்டி. மீட்டரைத் திருப்பி வைத்திருப்பார்கள், அதை நம்பவேண்டாம். கால் வைக்கிற ரப்பரும் பிரேக் பெடலும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தாள். ஆர்.சி.யில் இருக்கிற இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் இருக்கிறதோடு ஒத்துப்போகணும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பேர் இருந்தால், கடன் தீர்ந்தது என்ற சான்றும் ஃபாரம் 35-ம் வாங்கி அந்தப் பேரை எடுக்கணும். ஃபாரம் 29, 30 கொடுத்து நம்ம பேருக்கு மாற்றணும். "பேரெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம், சும்மா ஓட்டு" என்று புரோக்கர் சொல்லுவார். நம்ம பிள்ளை சொந்த வண்டியில் போனாலே "இது யாரு வண்டிடா" என்று கேட்கிறார்கள். அடுத்தவன் பேரில் இருக்கிற வண்டியில் போனால் என்ன ஆகும்? இன்சூரன்ஸும் அப்படித்தான். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி யார்மேலாவது மோதினால் நஷ்டஈடு வண்டிக்காரன் தலையில்தான் விழும். நம்மிடம் விற்றுக் கட்ட என்ன இருக்கிறது?

இன்னொன்று. 1929-ல் பாபாசாகேப் அம்பேத்கர் சாலிஸ்காவ் போனார். அவரை ஏற்றிக்கொண்டு ஓட்டக் குதிரைவண்டிக்காரர்கள் யாரும் சம்மதிக்கவில்லை. சேரி மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத நம்ம ஆள் ஒருவரை உட்காரவைத்தார்கள். பாலத்தில் சக்கரம் மாட்டிக்கொண்டு குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. பாபாசாகேப் கல்தரையில் தூக்கி எறியப்பட்டுக் காலெலும்பு முறிந்தது. அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குற்றம் ஓட்ட மறுத்தவர்களுடையது, ஓட்டிய அந்தத் தோழருடையது இல்லை. ஆனாலும் முறிந்தது நம்ம தலைவர் கால். வண்டி வாங்குவதற்கு முன்னால் ஓட்டக் கற்றுக்கொள், லைசென்ஸ் எடு, ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட்டை வண்டி விலையோடு சேர்த்துக் கணக்கு வை. ஹெல்மெட் இல்லாவிட்டால் 2022 அக்டோபர் முதல் 1,000 ரூபாய் அபராதம், லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000. அபராதத்தை விடு, உன் அம்மாவுக்கு நீ முழுசாய் வேணும்.

சில இளம் தோழர்கள் கேட்பார்கள், "நீயும் டீக்கடை பெஞ்சு மாதிரியே சின்ன வண்டி போதும்னு சொல்றியே" என்று. அவர் சொல்வது உனக்குத் தகுதி இல்லை என்று. நான் சொல்வது உன் கழுத்தைக் கொண்டுபோய்க் கடன்காரனிடம் கொடுக்காதே என்று. அவருக்குப் பயந்து புல்லட் வாங்காமல் இருந்தாலும் அடிமைத்தனம்தான். அவருக்குக் காட்டுவதற்காக மூணு வருசம் டியூ கட்டினாலும் உன் சம்பளத்தை அவர்தான் செலவு பண்ணுகிறார்.

கடைசியில் 2018 மாடல் 100 சி.சி. வண்டி ஒன்று 37 ஆயிரத்துக்குக் கிடைத்தது. ரெண்டு டயரும் செயினும் 4,500. பேர் மாற்றவும் இன்சூரன்ஸும் 3,500. ரெண்டு ஹெல்மெட் 2,400. 2,600 ரூபாய் மிச்சம். எதற்கு ரெண்டு ஹெல்மெட் என்று அவன் கேட்டான். ஒண்ணு உன் தங்கச்சிக்கு என்றேன். வண்டி வீட்டுக்குத்தானே, ஆம்பளைக்கு மட்டுமா? காய்ந்து கிடக்கிற ஏரியில் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவளுக்கு இவன்தான் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். லைசென்ஸ் எடுத்ததும் அவளும் ரோட்டில் இறங்குவாள்.

ராத்திரி பதினோரு மணிக்கு ஊர்த்தெரு வழியாக அவன் வருகிற சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்கும். கேட்ட பிறகுதான் அக்கா விளக்கை அணைக்கும். புல்லட் ஆசை இன்னும் அவனுக்குப் போகவில்லை. போகவும் வேண்டாம். டியூ கட்டுகிறதாக நினைத்து மாசம் மூவாயிரம் உன் பேரிலேயே போஸ்ட் ஆபீஸில் போடு, சேர்ந்ததும் மொத்தமாய்க் கொடுத்து எடு என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பின்சீட்டில் முதல் ஆளாக நான்தான் ஏறுவேன். டீக்கடை வழியாகத்தான் போகணும் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன்.