கேஷுவாலிட்டியில எடுக்குற எச்ஐவி டெஸ்ட் யாருக்காக?

ஆக்சிடென்ட்ல கால் உடைஞ்சு கேஷுவாலிட்டிக்கு வர்றார் ஒருத்தர். ஆபரேஷனுக்கு முன்னாடி எடுக்குற ரத்தத்துல எச்ஐவி டெஸ்டும் போகுது. அவர்கிட்ட யாரும் கேட்கல. பாசிட்டிவ்னு வந்தா "இங்க வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு சீட்டு. பல இடங்கள்ல இதுக்குப் பேரு ஸ்கிரீனிங்.

அதே கேஷுவாலிட்டிக்கு மூணாவது தடவையா காய்ச்சலோட வர்றார் இன்னொரு 30 வயசுக்காரர். எடை குறைஞ்சிருக்கு, வாய்க்குள்ள வெள்ளையா படிஞ்சிருக்கு. டெங்கு பார்ப்போம், டைபாய்டு பார்ப்போம், மலேரியாவும் பார்ப்போம். எச்ஐவி மட்டும் பார்க்க மாட்டோம். ஏன்னா, "நல்ல குடும்பத்துப் பையனா தெரியுறான் சார்!" வைரஸ் என்ன, ரேஷன் கார்டு பார்த்தா உள்ள வருது?

முதல் ஆளுக்கு எடுத்த டெஸ்ட் டாக்டரோட பயத்துக்காக. ரெண்டாவது ஆளுக்கு எடுக்காம விட்டது அவரோட உயிர்.

"எங்க பாதுகாப்பு முக்கியமில்லையா?"ன்னு சக டாக்டர்கள் சண்டைக்கு வருவீங்க. வாங்க. தொற்று வந்து முதல் சில வாரம் டெஸ்ட் நெகட்டிவ்னே காட்டலாம். ஆனா அப்பதான் ரத்தத்துல வைரஸ் உச்சத்துல இருக்கும். அந்த நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பியா கத்தியைப் பிடிக்கிறீங்க? கிளவுஸ், கண்ணாடி, ஊசியைக் கவனமா கையாள்றது எல்லாம் எல்லா நோயாளிக்கும் ஒண்ணுதான். மீறி ஊசி குத்திட்டா சோப்பு போட்டுக் கழுவிட்டு, முடிஞ்சா 2 மணி நேரத்துக்குள்ள, அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள்ள தடுப்பு மாத்திரையை ஆரம்பிக்கணும். 28 நாள்.

இங்கிலாந்துல 2022 ஏப்ரல்ல இருந்து லண்டன், மான்செஸ்டர் மாதிரி தொற்று அதிகமுள்ள ஊர்கள்ல, எமர்ஜென்சியில ரத்தம் எடுக்குற பெரியவங்களுக்கு, அவங்க வேண்டாம்னு சொல்லாத வரை எச்ஐவியும் சேர்த்துப் பார்க்குறாங்க. யார் மூஞ்சியையும் பார்த்து முடிவு பண்றதில்லை. அதை இங்க அப்படியே காப்பி அடிக்க முடியாது. நம்ம 2017 சட்டப்படி, விஷயத்தைச் சொல்லி சம்மதம் வாங்கணும். சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகுமா? அதே சட்டம், டெஸ்ட் எடுத்தாதான் சிகிச்சைன்னு நிபந்தனை போடுறதையும் தடுக்குது. இதை எத்தனை ஆஸ்பத்திரி சுவத்துல எழுதி வச்சிருக்காங்க?

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். காரணம் தெரியாத காய்ச்சல், டிபி, சின்ன வயசுலயே அக்கி, திரும்பத் திரும்ப வயித்துப்போக்குன்னா நீங்களே கேளுங்க: "டாக்டர், எச்ஐவியும் பார்த்துடலாமா?" டாக்டர் முகம் சுளிச்சா அது அவர் பிரச்சினை. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல டெஸ்ட் இலவசம், ரகசியம். கூட்டு மருந்தும் இலவசம். ஒழுங்கா சாப்பிட்டு ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சு அப்படியே இருந்தா, உடலுறவு மூலமா துணைக்குப் பரவாது.

சந்தேகம் இருந்தா 1097க்குக் கூப்பிடுங்க, காசு கிடையாது.