லத்தீன் வேண்டாம், குறள் போதும்

2006இல் தொடங்கிய ஐரிஸ் திட்டம், பிரிட்டனில் லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு அரசுப் பள்ளிகளில் எழுத்தறிவை வளர்க்கவே லத்தீன் கற்பித்தது. ஆங்கிலச் சொற்களில் பெரும்பகுதிக்கு வேர் லத்தீனில் இருக்கிறது. வேர் பிடிபட்டால் வாசிப்பு எளிதாகும் என்பது கணக்கு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலாளர் பிள்ளைகளுக்கு லத்தீன் எதற்கு? குறள் இருக்கிறதே! ஏழே சீர்; சந்தி பிரித்தால் ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது வீட்டில் உருது பேசும் பிள்ளைக்கும் விளங்கும். நாமோ அதை ஒப்பிக்க வைத்து, மதிப்பெண் போட்டு மூடிவிடுகிறோம். செவ்வியல் மொழி வசதியான வீட்டுப் பிள்ளைகளின் அலங்காரம் அல்ல. ஆசிரியர்களே, வாரம் ஒரு பாடவேளையாவது மனப்பாடத்தை நிறுத்துங்கள். குறளைப் பிரித்துச் சேர்த்து விளையாட விடுங்கள்.