பெயரும் ஒரு சொத்துத்தான்



சாளம்பைக்குளத்திலும் நீராவிப்பிட்டியிலும் நாச்சிக்குடாவிலும் வீட்டிலிருந்தபடியே மிளகாய்த்தூள் இடித்து விற்போரும் அபாயா தைத்துக் கொடுப்போரும் இருக்கிறீர்கள். பக்கத்து வீட்டோடு நின்ற வியாபாரம் கைத்தொலைபேசி வழியாகக் கொழும்புக்கும் கட்டாருக்கும் போகக்கூடிய காலம் இது. அடுத்த படியாகத் தமக்கென இணையத்தளம் திறக்க விரும்புவோருக்கு முதலில் தேவைப்படுவது ஆள்களப் பெயர். இணையத்தில் அதுவே நம் கடையின் விலாசம்.

இந்தப் பெயர் பொதுவாக முதலில் கேட்டவருக்கே கிடைக்கும். காசைக் கட்டினால் சில நிமிடங்களில் பதிவாகிவிடும். அது வேறொருவரின் வியாபாரக் குறியா என்று பெரும்பாலான பதிவு நிறுவனங்கள் ஆராய்வதில்லை. எனவே பெயர் கிடைத்துவிட்டதென்பதால் உரிமையும் கிடைத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

இந்தியாவில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். சத்யம் இன்ஃபோவே என்ற கம்பனி தன் பெயரின் எழுத்துக்களிலிருந்து ‘சிஃபி’ என்ற சொல்லை உண்டாக்கி, 1999இல் அச்சொல் அமைந்த ஆள்களப் பெயர்களைப் பதிந்தது. பின்னர் வேறொரு கம்பனி, ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை மட்டும் இரட்டித்து, அதே ஓசையுள்ள பெயர்களைப் பதிந்தது. தம் ஐந்து பங்காளிகளின் முதலெழுத்துக்களைச் சேர்த்தே அப்பெயரை வைத்ததாக அவர்கள் வாதிட்டார்கள். அந்த ஐந்தும் நம் வீடுகளில் வழங்கும் பெயர்களே. பெங்களூர் சிவில் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2004 மே 6ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் தடையை மீண்டும் நிலைநாட்டியது. முதலெழுத்துக் கதையை நீதிபதிகள் ஏற்கவில்லை. ஆள்களப் பெயர் வெறும் விலாசமல்ல, வியாபாரக் குறியைப் போல அதுவும் வாடிக்கையாளரின் நம்பிக்கையைச் சுமக்கிறது என்பது தீர்ப்பின் சாரம்.

அப்படியானால் பெரிய கம்பனிதான் எப்போதும் வெல்லுமா? இல்லை. அமெரிக்காவில் ஊசி நிசான் என்பவர் தம் குடும்பப் பெயரில் கணினி வியாபாரம் நடத்தி, 1994இல் ‘நிசான் டொட் கொம்’ என்ற பெயரைப் பதிந்தார். ஜப்பானின் நிசான் வாகனக் கம்பனி 1999இல் அவர்மீது வழக்குத் தொடுத்தது. அந்தத் தளத்தில் வாகன விளம்பரங்கள் இடம்பெற்றதை நீதிமன்றம் குறையாகக் கண்டது. ஆனாலும் பெயர் அவரிடமே இருந்தது. அது அவருடைய சொந்தப் பெயர், அதில் அவர் உண்மையாகத் தொழில் செய்தார். எனினும் வழக்கு அவரைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது.

இத்தகைய பிணக்குகளுக்கென 1999இல் ஒரு சர்வதேச விதிமுறை வந்தது. முறைப்பாடு செய்பவர் மூன்றை நிரூபிக்க வேண்டும். அந்தப் பெயர் தம் குறியோடு மயங்கும்படி ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு அது பதியப்பட்டுப் பயன்படுத்தப்படுகிறது என்பவை அவை. கவனியுங்கள், உலகச் சட்டமும் நிய்யத்தைக் கேட்கிறது!

மார்க்க அறிஞர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, வியாபாரப் பெயரும் வியாபாரக் குறியும் பெறுமதியுள்ள உரிமைகள், அவற்றில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்தது. பெயர்பெற்ற தூள் பக்கெற்றின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி நம் பக்கெற்றில் ஒட்டுவது சாமர்த்தியமல்ல. அடுத்தவரின் உழைப்பில் கைவைப்பதாகும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பின் திரும்பி வந்தவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டியதில்லை. காணி நம்முடையதாயினும், உறுதி கையில் இல்லாவிட்டால் எத்தனை படிகள் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது! பெயரும் அப்படித்தான்.

ஆகவே சகோதரிகளே, பெயர் வைக்குமுன் அதே பெயரோ அதைப்போன்ற பெயரோ உண்டா என்று தேடிப் பாருங்கள். ‘நூர்’, ‘பரக்கத்’ போன்ற பொதுச் சொற்கள் பலரிடமும் இருக்கும். அவற்றோடு உங்களுக்கே உரிய ஒரு சொல்லைச் சேருங்கள். பிரதேச செயலகத்தினூடாகச் செய்யும் வியாபாரப் பெயர்ப் பதிவு வேறு, ஆள்களப் பெயர் வேறு, வியாபாரக் குறி வேறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியைப் பதியலாம். அது பத்தாண்டுகளுக்குச் செல்லுபடியாகும், பின்னர் புதுப்பிக்கலாம். இணையத்தளம் செய்து தரும் தம்பி ஆள்களப் பெயரைத் தன் பெயரில் பதிந்துவிடாமல், உங்கள் பெயரில் பதியச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டையும் முதல் விற்பனைக் கணக்கையும் பத்திரப்படுத்துங்கள். புதுப்பிக்கும் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள், தவறினால் பெயர் பிறர் கைக்குப் போகலாம்.

பிறர் பெயரைத் தொடாமலும் நம் பெயரை இழக்காமலும் தொழில் செய்வோம். அல்லாஹ் உங்கள் உழைப்பில் பரக்கத் செய்வானாக!