உங்கள் வீட்டுத் தாயத்துக்கு என்ன சட்டம்?



2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்த வாரம். அம்பத்தூரில் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. போனில் சார்ஜ் தீர்ந்ததும் பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. மாடி வீட்டு அத்தை சாக்பீஸை எடுத்து வராண்டாவில் தாயக் கட்டம் போட்டார். பித்தளைத் தாயக்கட்டைகள் பூஜை அலமாரியிலிருந்து இறங்கி வந்தன. காய்க்குப் புளியங்கொட்டையும் வளையல் துண்டும்.

கால் மணி நேரத்தில் சண்டை. ஆவடியிலிருந்து வந்து தங்கியிருந்த அவருடைய அக்கா, "தாயம் விழுந்தாத்தான் காய் இறங்கும்" என்றார். "எங்க பூந்தமல்லி மாமியார் வீட்ல அஞ்சுக்கும் இறக்குவோம்" என்றார் அத்தை. "அப்ப அது தாயமே இல்லடி!"

அன்று ஆடியவர்களில் பாதிப் பேர் இப்போது வெவ்வேறு ஊர்களில். அத்தையின் மகன் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு ஐடி நிறுவனத்தில் இருக்கிறான். நாலு ஊரிலிருந்து நாலு பேர் சேர்ந்து தாயம் ஆட ஒரு செயலியை ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான். பணம் வைத்து ஆடும் ஏற்பாடு கிடையாதே என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். கிடையாது.

"லூடோ கிங் இருக்கேப்பா?" என்றேன். நவி மும்பை நிறுவனம் ஒன்று 2016-ல் வெளியிட்ட அந்தச் செயலி, 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு ஓடியது நினைவிருக்கும். ஆனால் லூடோ, நம் நாட்டுப் பச்சீசியைச் சுருக்கி இங்கிலாந்தில் 1896-ல் காப்புரிமை வாங்கிய ஆட்டம். அதில் ஒற்றைப் பகடை. ஆறு விழ ஆறில் ஒரு வாய்ப்பு. தாயத்தில் இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, ஒரு பக்கம் வெறுமை. மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது மொத்தம் ஒரு புள்ளி, விழுவது இரண்டே விதம்; எட்டுக்கு ஒரு தடவை. உருட்டி உருட்டிக் கை சலித்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தரட்டும்.

பையன் முதலில் இதில்தான் சறுக்கினான். 1 முதல் 6 வரையும் 12-ம் ஆக ஏழு எண்களையும் சமமாக விழும்படி எழுதிவிட்டான். இரண்டு ஆட்டம் ஆடிய அத்தை, "பன்னெண்டு இப்படியாடா விழும்?" என்று கேட்டுவிட்டார். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால்தான் 12. பதினாறுக்கு ஒரு தடவை வர வேண்டியது ஏழுக்கு ஒரு தடவை வந்திருக்கிறது. கணினிப் படிப்பு பிடிக்காததை அத்தையின் கை பிடித்தது.

கட்டையை ஆடுகிறவரின் போன் உருட்டுவதில்லை, சர்வர்தான் உருட்டுகிறது. இல்லாவிட்டால் விவரம் தெரிந்தவன் தாயமாகவே போட்டுக்கொள்வான். காய்கள் நிற்கும் இடமும் சர்வரில்தான் இருக்கிறது. லோக்கல் ரயிலில் சிக்னல் போனாலும் ஆட்டம் கலையாது. திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரலாம்.

அவனை மலைக்க வைத்தது சட்டம்தான். எதிரி காயை ஒரு தடவையாவது வெட்டினால்தான் உள் சுற்றுக்குப் போகலாமா? வெட்டியவருக்கு இன்னொரு உருட்டு உண்டா? ஒரே கட்டத்தில் இரண்டு காய் சேர்ந்து நின்றால் வெட்டலாமா? காய் கடைசிக் கட்டம் ஏறிப் பழமாகச் சரியான எண்தான் விழ வேண்டுமா? "எது அங்கிள் சரி?" என்று என்னிடம் வந்தான். எல்லாமே சரி என்றேன். துணியில் கட்டம் அச்சிடுகிறவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மென்பொருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆட்டத்தைத் தொடங்குகிறவர் தன் வீட்டுச் சட்டத்தைக் குறித்துவிட்டு மற்றவர்களை அழைக்கட்டும். சண்டை வேண்டுமானால் அதற்கு முன்பே போட்டுக்கொள்ளலாம்!

இப்போது அவனிடம் இருப்பது எங்கள் தெருவின் சட்டங்கள் மட்டும். உங்கள் வீட்டுச் சட்டத்தை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். எந்த ஊர் வழக்கம், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கட்டத்தைக் கையால் வரைந்து அனுப்பினால் இன்னும் நல்லது. வருவதை இதழில் அச்சிட்டுவிட்டு, கட்டாக அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்