உறைமோரின் சுபாவம்

மயிலாப்பூர்க் கடைகளில் தயிர் பாக்கெட்டுகள் குவிந்து கிடக்கும் இக்காலத்திலும், இராத்திரி மிஞ்சிய பாலில் ஒரு கரண்டி மோர் விட்டு மூடிவைக்கும் வழக்கம் அவ்வீதிகளில் இன்னும் மறையாதிருப்பது சந்தோஷமே. ஆனால் அது சித்திரையில் விடியுமுன் புளித்துப்போவதற்கும், மார்கழியில் மாடவீதியில் பஜனை கோஷ்டி புறப்படும் வேளையிலும் பாலாகவே நிற்பதற்கும் பாலை நிந்திப்பது அநியாயம் என்பது என் அபிப்பிராயம். உறையிலுள்ள நுண்ணுயிர்கள் சுமார் 40 டிகிரி செல்சியஸில், அதாவது விரல் பொறுக்கும் சூட்டில், உற்சாகமாக வேலை செய்பவையாதலால், கோடையில் பாலை நன்றாக ஆறவிட்டு அரைக் கரண்டியோடு நிறுத்துவதும், மார்கழியில் இளஞ்சூடு தணியுமுன் உறையைச் சற்றுக் கூட்டி ஹாட்பாக்கில் வைப்பதும் விவேகம். (மிளகாய்க் காம்பு போட்டாலும் உறையும் என்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை குறைவு.) தயிர் நீர்த்துப்போனால், அடுத்த முறை பால் பொங்கிய பிறகும் சில நிமிஷம் சிறுதீயில் காய்ச்ச வேண்டும், அந்த உஷ்ணத்தில் பாலின் மோர்ப்புரதம் கேசினோடு பிணைந்து நீரைப் பிடித்துவைக்கிறது. கரண்டியில் எடுத்தால் நூல் நூலாய் இழுபடும் தயிரையோ சீர்திருத்த முயல்வது வீண். அதையே மறுநாளும் உறையாக்கினால் கொழகொழப்பு வம்ச பரம்பரையாகத் தொடருமாகையால், கௌரவம் பாராமல் எதிர்வீட்டில் ஒரு கிண்ணம் உறைமோர் கேட்டு வாங்கிவருவதே உத்தமம்.