முன்பாரமும் பின்பாரமும்

பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து செங்குன்றத்து ஆலைகளுக்கு ஜி.என்.டி. சாலை வழியாக நெல் மூட்டை ஏற்றிச் சென்ற கட்டை வண்டிக்காரர்கள், மூட்டைகளை அடுக்கி முடித்து, மாட்டைப் பூட்டுவதற்கு முன்னால் நுகத்தடியைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார்கள். அது கனத்தால் முன்பாரம் என்றும், தானாக மேலெழும்பினால் பின்பாரம் என்றும் நிர்ணயித்து, ஒரு மூட்டையையேனும் இடம் மாற்றி வைத்த பிறகே வண்டியைக் கிளப்புவார்கள். பௌதிக சாஸ்திரம் ஈர்ப்பு மையம் என்று பெயரிட்டழைக்கும் அந்தச் சூட்சும ஸ்தானத்தை அவர்கள் எந்தப் பள்ளியிலும் பயிலவில்லை, உள்ளங்கையில் உணர்ந்திருந்தார்கள்.

அதே ஜி.என்.டி. சாலையில் இன்று நெல் வண்டிகளுக்குப் பதிலாக, கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் உருவான இரும்புச் சட்டங்களும் தொட்டிகளும் யந்திரத் தொகுதிகளும் ட்ரெய்லர்களில் போய்க்கொண்டிருக்கின்றன. இவற்றை வடிவமைக்கிற இளைஞர், கணினித் திரையில் பாகங்களை ஒன்றோடொன்று பொருத்தி, ஒரு பொத்தானை அழுத்தியவுடன், முழு அசெம்பிளியின் ஈர்ப்பு மையம் கறுப்பும் வெள்ளையுமான சிறு வட்டமாகத் திரையில் தோன்றிவிடுகிறது. தசம ஸ்தானங்கள் நான்கைந்து வரை அது தருகிற துல்லியத்தைக் கண்டபின் சந்தேகப்பட யாருக்குத்தான் மனம் வரும்?

சந்தேகப்பட வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். கணினி செய்வது ஒவ்வொரு பாகத்தின் கன அளவையும் அதன் அடர்த்தியால் பெருக்கி எடை கண்டு, அந்த எடைகளுக்கெல்லாம் பொதுவான சமநிலைப் புள்ளியைக் கூட்டிக் கழித்துச் சொல்வது மாத்திரமே. அடர்த்தியைச் சொல்ல வேண்டியவர் மனிதர். இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் பலரும் பழகிய சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில், ஒரு பாகத்துக்கு இன்ன உலோகம் என்று குறிப்பிட மறந்துவிட்டால், அது தண்ணீரின் அடர்த்தியையே, அதாவது கன மீட்டருக்கு 1,000 கிலோவையே, எடுத்துக்கொள்கிறது; எஃகுக்கோ அது 7,850 கிலோ. வெளியிலிருந்து வாங்கிப் பொருத்துகிற மோட்டார், கியர்பாக்ஸ் முதலானவற்றின் விஷயம் இன்னும் விபரீதமானது. தயாரிப்பாளர் தருகிற கணினி வடிவம் பெரும்பாலும் வெளித்தோற்றத்துக்காக மாத்திரம் வரையப்பட்ட வெறுங்கூடாகவோ, உள்ளே இடைவெளியே இல்லாத கட்டியாகவோ இருக்குமே தவிர, அதன் எடைக்கும் மோட்டாரின் மெய்யான எடைக்கும் யாதொரு சம்பந்தமும் இராது.

நான்கு மீட்டர் நீளமுள்ள ஓர் அடிச்சட்டம் 1,200 கிலோ எடையுள்ளதென்றும், அதன் மையம் சரியாக நடுவில் இருப்பதென்றும், ஒரு முனையிலிருந்து 3.2 மீட்டர் தூரத்தில் 800 கிலோ மோட்டார் ஒன்று அமர்ந்திருப்பதென்றும் வைத்துக்கொள்வோம். மொத்தத்தின் ஈர்ப்பு மையம் அம்முனையிலிருந்து 2.48 மீட்டரில் விழும். மோட்டாரைக் கணினி 100 கிலோவாக எண்ணிவிட்டாலோ, அது 2.09 மீட்டரைக் காட்டும். தாளில் 39 சென்டிமீட்டர் ஒரு பிழையாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் தவறான புள்ளிக்கு நேர்மேலே, மையத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் கிரேன் கொக்கி நின்றால், தூக்கிய கணத்திலேயே அந்தச் சுமை ஏறக்குறைய 11 பாகை சாய்ந்துவிடும்.

அப்படிச் சாய்ந்த ஒன்றை நான் கும்மிடிப்பூண்டியில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு பட்டறையில், கண்டிருக்கிறேன். யாருக்கும் காயமில்லை, காரணம் வரைபடமன்று, எந்தச் சுமையையும் முதலில் ஒரு சாண் தூக்கிப் பார்த்து நிறுத்துகிற பழைய கலாசி ஒருவரின் வழக்கம். சுமையை இறக்கச் சொல்லி, ஒரு பக்கத்து ஸ்லிங்கைக் குறுக்கி மறுபடி தூக்கினார், வேலை முடிந்தது. ஆனால் அவர் கையால் செய்த அந்தத் திருத்தம் வடிவமைப்பு அறையின் குளிர்சாதனக் கதவைத் தாண்டி உள்ளே போகவேயில்லை. அடுத்த தொகுதிக்கும் தூக்குக் காதுகள் அதே இடத்தில்தான் பற்ற வைக்கப்பட்டன. என்னைக் கலங்க வைத்தது சாய்ந்த இரும்பைக் காட்டிலும் இதுவே.

அறிவு இல்லாத பிரதேசமா இது? இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காட்டுப்பள்ளியில், 2018-இல் சேவையில் சேர்ந்த விக்ரம் முதலான கடலோரக் காவல்படைக் கப்பல்கள் எல் அண்ட் டி தளத்தில் கட்டப்பட்டிருக்கின்றன. எவ்வளவுதான் கணினியில் வரைந்தாலும், கட்டிய கப்பலை நீரில் மிதக்கவிட்டு, அளந்த எடைகளை மேல்தளத்தில் குறுக்கே நகர்த்தி, எத்தனை பாகை சாய்கிறதென்று ஊசற்குண்டு கட்டிப் பார்த்து, அதிலிருந்தே ஈர்ப்பு மையத்தின் உயரத்தை நிச்சயிப்பது கப்பல் சாஸ்திரத்தின் விதி. ஸ்பெயின் தேசத்தார் தம் எஸ்-80 வகை நீர்மூழ்கிக் கப்பல் 70 டன்னுக்கு மேல் கனத்துப்போனதை 2013-இல் கண்டு, அதன் நீளத்தையே சுமார் 10 மீட்டர் கூட்ட நேர்ந்ததை நினைத்தால், பெரிய கணினிகளும் தப்பு எடையைக் கேள்வி கேட்பதில்லை என்பது விளங்கும்.

சிறு பட்டறைக்காரர்கள் இதற்கெல்லாம் நேரமேது, காசேது என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு, ஏனெனில் டன் கணக்கில் கூலி பேசுகிற பெரிய கம்பெனிகள் எடை போடுகிற வேலைக்கென்று தனியாக ஒரு ரூபாயும் தருவதில்லை. ஆயினும் ஜி.என்.டி. சாலையில் எடை மேடைகளுக்குப் பஞ்சமில்லை. லாரியின் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே, வெறுமையாக ஒருமுறையும் சுமையோடு ஒருமுறையும் மேடையில் ஏற்றினால், நீளவாட்டில் மையம் எங்கே என்பது பத்தாம் வகுப்புக் கணக்கு. வாங்கிய மோட்டாரின் எடையை அதன் பெயர்த்தகட்டிலோ விவரப் புத்தகத்திலோ பார்த்து மென்பொருளில் கையால் பதிக்கவும் வழி இருக்கிறது. ஐந்து நிமிஷ வேலை.

ஆகவே ஒரு டன்னுக்கு மேற்பட்ட தொகுதிகளை ஆர்டர் கொடுக்கிற கம்பெனிகள், எடை போட்டுக் கண்ட மொத்த எடையும் ஈர்ப்பு மையமும் பெயின்ட்டில் பக்கவாட்டில் குறிக்கப்பட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, அதற்குரிய கூலியையும் தர வேண்டும். வரைந்த இளைஞர் முதல் தூக்கின்போது கிரேனடியில், கலாசியின் பக்கத்தில், நின்று பார்க்க வேண்டும். ஸ்லிங் எவ்வளவு குறுக்கப்பட்டது என்பதை அவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போகட்டும்.