அழுகையில் நிற்கும் மூச்சு

தீபாவளி நெருங்கிய நேரம், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு துணிக்கடை வாசல். ஒன்றரை வயதுப் பையன் பலூன் கேட்டான், அம்மா மறுத்தார். வீறிட்டு அழுதவன் அடுத்த அழுகைக்கு வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. உதடு நீலம் பாரித்தது. உடம்பு விறைத்து, பிறகு துவண்டது. “ஐயோ, புள்ளைக்கு மூச்சு நின்னு போச்சே!” என்று பாட்டி அலறினார். ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். இன்னொருவர் பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். அரை நிமிடத்துக்குள் அவன் தானாகவே மூச்சு இழுத்துக் கண் விழித்தான். மறுத்த பலூனும் கைக்கு வந்தது.

‘அழுது தம் கட்டிடுச்சு’ என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். நூறு பிள்ளைகளில் ஐந்து பேருக்கு வரை இது வரலாம். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கி, ஆறு வயதுக்குள் தானாக விட்டுவிடும். பெற்றவர்களுக்கோ உறவினருக்கோ சிறுவயதில் இருந்திருப்பதும் உண்டு. கோபத்திலும் ஏமாற்றத்திலும் அழுது நீலம் பாரிப்பது ஒரு வகை. திடீரென்று விழுந்தாலோ பயந்தாலோ இதயத் துடிப்பு சட்டென்று குறைந்து, அழுகைகூட இல்லாமல் வெளிறிச் சாய்வது இன்னொரு வகை.

பிள்ளை வேண்டுமென்றே மூச்சைப் பிடிப்பதில்லை. இது உடம்பு தானாகச் செய்வது. அதனால் அடிப்பதிலும் திட்டுவதிலும் நியாயமே இல்லை. நினைவு தப்பும்போது கைகால் வெட்டி இழுத்தாலும், அதனால் மட்டும் அது வலிப்பு நோய் ஆகிவிடாது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலை இடிக்கக்கூடிய பொருள்களை அகற்றுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் விரலோ கரண்டியோ தண்ணீரோ வேண்டாம். பிடித்து உலுக்கவே கூடாது. உலுக்கினால் சின்னக் குழந்தையின் மூளையில் இரத்தம் கசியலாம். ஒரு நிமிடம் தாண்டியும் மூச்சு திரும்பாவிட்டால் 999-ஐ அழைத்து முதலுதவியைத் தொடங்குங்கள். வாயில் உணவோ விளையாட்டுப் பொருளோ இருந்திருந்தால் அது தொண்டை அடைப்பாக இருக்கலாம். அதற்கான முதலுதவியே வேறு.

முதல் தடவை வந்ததுமே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, அழுகையோ வலியோ பயமோ இல்லாமல் மயங்கும் பிள்ளை, தெளிந்த பின்னும் வெகுநேரம் குழம்பிக் கிடக்கும் பிள்ளை என்றால் தாமதிக்கவே வேண்டாம். வெளிறி மயங்கினாலோ, குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தாலோ இதயத்துக்கு இசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சாவியில் இருக்கும் இரும்பு இந்த மூச்சடைப்புக்கு உதவாது. ஆனால் உடம்பில் இருக்க வேண்டிய இரும்புச்சத்துக்கும் இதற்கும் மெய்யாகவே தொடர்பு உண்டு. ஜோர்டானில் நடந்த ஆய்வொன்று 1997-இல் வெளியானது. இரும்புச்சத்து மருந்து பெற்ற பிள்ளைகளில் 88 விழுக்காட்டினருக்கு இந்த மூச்சடைப்பு நின்றது அல்லது குறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் 6 விழுக்காட்டினருக்குத்தான் அப்படி. மலேசியாவில் 2022-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரத்தச்சோகை. ஆகவே பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்பது பெற்றவர்களின் கடமை என்பேன்.

ஆனால் பார்மசியில் நீங்களாகவே இரும்புச்சத்து சிரப் வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் அது பிள்ளைக்கு நஞ்சு. தலசீமியாவும் இந்த நாட்டில் பரவலாக உண்டு. இரும்புச்சத்துக் குறைவைப் போலவே அதிலும் ஹீமோகுளோபின் குறையும், ஆனால் வைத்தியம் வேறு. எது என்று பரிசோதனைதான் சொல்லும். சாப்பாட்டை இன்றே கவனிக்கலாம். நாள் முழுக்கப் பால் போத்தலிலேயே வயிறு நிறைந்தால் சோறு இறங்காது; தேநீரோ உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஈரல், முட்டை, மீன், கீரை, பருப்பு, கூடவே ஒரு துண்டு கொய்யா என்று பழக்குங்கள்.

அந்தக் கடை வாசலில் எனக்கு அதிகம் வலித்தது பலூன் கொடுத்ததுதான். பாட்டியின் பதற்றம் எனக்குப் புரிகிறது. பேரன் நீலம் பாரிப்பதைப் பார்த்து யாருக்குத்தான் மனசு தாங்கும்? ஆனால் மூச்சு அடைத்த ஒவ்வொரு முறையும் கேட்டது கிடைத்தால், கொஞ்ச நாளில் அந்த வீட்டில் ‘வேண்டாம்’ என்று சொல்லவே யாருக்கும் துணிவு இருக்காது. எல்லை தெரியாமல் வளர்வதும் பிள்ளைக்குக் கேடுதான். தெளிந்ததும் அணைத்துக்கொள்ளுங்கள், மறுத்ததை மறுத்ததாகவே விடுங்கள். பசியும் தூக்கமும் முற்றுமுன் கவனித்தால் பல அழுகைகள் தொடங்கவே தொடங்கா.

இதை அம்மா மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதாது. பாட்டி, தாத்தா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, பாலர் பள்ளி ஆசிரியை என்று எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். மூச்சு நின்ற நேரத்தில் பிள்ளை யார் கையில் இருக்கிறதோ, அவருக்குத்தான் இது தெரிந்திருக்க வேண்டும்.